துப்பாக்கிப் பெட்டி சுமந்த ஜக்கரியா பாய்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜக்கரியா பாய் பை தைக்கிற கடை வைத்திருக்கிறார். ஜிப் போனது, சக்கரம் உடைந்தது, பூட்டு மாட்டிக்கொண்டது எல்லாவற்றுக்கும் அவர்தான். எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் உடனே திறக்க மாட்டார். இரண்டு கையாலும் தூக்கி, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை மெதுவாகச் சாய்ப்பார். பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"உள்ள ஒரு சீப்பு கெடக்குது. எடுத்துக்கினு குடும்மா" என்பார். திறந்து பார்த்தால் சீப்பு இருக்கும்.

இந்தப் பழக்கம் அவருக்குக் கடையில் வந்ததில்லை. பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். இருபத்தி மூன்று வயதில் வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு பெரிய விமான நிலையத்தில் பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கினார். அதில் கடைசிப் பத்து வருஷம் அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த ஊரில் இறங்கித்தான் அடுத்த விமானம் ஏறுவார்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் நாயனப் பெட்டி மாதிரி நீளமான பெட்டிகளில் வரும். ஒரு விமானத்தின் வயிற்றிலிருந்து அதை இறக்கி, போலீஸோடு ஒரு தனி அறைக்குக் கொண்டுபோய், காகிதத்தில் இருக்கிற நம்பரும் துப்பாக்கியில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்க்க வைத்து, மறுபடி பூட்டி, அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டும். துப்பாக்கி ஒரு பெட்டி, தோட்டா வேறு பெட்டி. இரண்டும் சேர்ந்திருக்கக் கூடாது. துப்பாக்கிப் பெட்டிக்குள் தப்பித்தவறி ஒரு தோட்டா உருண்டால்கூட பாய் சாய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவாராம்.

"எதையோ சுடப் போறாங்க. மானோ, காட்டு எருமையோ. அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு துவா செஞ்சிட்டுதான் பொட்டிய தூக்குவேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

முதுகு வலி வந்துவிட்டது என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பினார். மனைவி ரஹ்மத் பீவிக்குத் திண்டிவனம் என்பதால் இங்கேயே கடை போட்டுக்கொண்டார்.

எனக்கு அவர் பழக்கமானது என் மகள் துர்காவால். அவள் விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்து துப்பாக்கி சுடப் பழகினாள். நானும் என் வீட்டுக்காரர் ராஜவேலுவும் மல்லாட்டை பயிர் வைக்கிறவர்கள். எங்கள் வீட்டில் காக்காய் விரட்டக் கல் எறிந்ததைத் தவிர யாரும் எதையும் குறி பார்த்ததில்லை. அவள் மாவட்டத்தில் ஜெயித்தாள், மாநிலத்தில் ஜெயித்தாள். விழுப்புரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற புனிதா மேடம் ஒரு நாள் வந்து, வெளிநாட்டுப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றார். துப்பாக்கியையும் விமானத்தில் கொண்டுபோக வேண்டும், நடுவில் பாய் வேலை பார்த்த அதே விமான நிலையத்தில் இறங்கி மாற வேண்டும் என்றதும் நான் நேராகப் பாய் கடைக்குத்தான் போனேன்.

பாய் அவளுடைய நீளப் பெட்டிக்குப் புது பூட்டு போட்டார். உள்ளே பஞ்சு வெட்டி வைத்தார். சாய்த்தும் பார்த்தார். "பொட்டி சுத்தமா இருக்குதும்மா. போயிட்டு வா" என்றார். கைப்பையை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கிளம்புவதற்கு முந்தின நாள் துப்பாக்கியும் தோட்டாப் பெட்டியும் வீட்டுக்கு வந்தன. ஆயுத பூஜையன்று அவை விழுப்புரத்தில் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருந்ததால் என் கையால் ஒரு பொட்டு வைக்க முடியவில்லை என்று எனக்குக் குறை. அதனால் அன்றைக்கே விளக்கேற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, திரௌபதி அம்மனை நினைத்துக் கற்பூரம் காட்டினேன். நான் ஏழு வருஷம் அவளுக்குத் தீ மிதித்தவள். துர்கா குளிக்கப் போயிருந்தாள். தோட்டாப் பெட்டி திறந்திருந்தது. ஒவ்வொரு தோட்டாவும் பித்தளையில் சுண்டு விரல் நுனியளவு, தாயத்துக் குழாய் மாதிரியே இருந்தது. ஒன்றை எடுத்தேன். மஞ்சள் துணியில் பதினொரு ரூபாய்க் காசு வைத்து அம்மனுக்கு வேண்டி முடிச்சுப் போடுவோமே, அந்தக் காசோடும் மஞ்சள் குங்குமத்தோடும் அதையும் வைத்து முடிந்தேன். அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, துர்காவின் கைப்பையில் பக்கத்து ஜிப்புக்குள் போட்டு மூடினேன். தோட்டாவைப் பற்றிச் சொன்னால் கூச்சப்படுவாள் என்று காசு முடிச்சு வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது ஐம்பதுக்கு அவள் விமானம் கிளம்பியது. பதினொன்றேகாலுக்குப் புனிதா மேடம் எனக்குப் போன் செய்தார்.

"சின்னபொண்ணு அக்கா, பேப்பர்ல எரநூறு ரவுண்டு தோட்டா. கவுண்டர்ல எண்ணினா ஒண்ணு கம்மி. அடிச்சி எழுதி கையெழுத்து போட்டுட்டு ஏறிட்டேன்னு துர்கா மெசேஜ் போட்டிருக்கா. அந்த ஒண்ணு வீட்ல எங்கனா உருண்டு கெடக்குதா பாருங்க. கிளப்புக்கு நான் பதில் சொல்லணும்."

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. "அது தொலையல மேடம். பத்திரமா அவகிட்டதான் இருக்குது. காசு முடிச்சில வச்சி கைப்பையில போட்டிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"மேடம்?"

"கைப்பையிலயா? சீட்டுக்குத் தூக்கிக்கினு போற பையிலயா?"

"ஆமா."

"ஐயோ அக்கா." மேடம் குரல் மாறிப்போனது. "அது கைப்பையில இருந்தா கேஸு அக்கா. இங்க எப்படியோ விட்டுட்டாங்க. அங்க எறங்கி மாறும்போது மறுபடியும் மெஷின்ல போடுவாங்க. அந்த ஊருல மாட்டினா ஜெயிலு. போட்டியும் போச்சு, அவ வாழ்க்கையும் போச்சு."

இங்கே ஏர்போர்ட்டில் என்ன நடந்தது என்பதைத் துர்கா பிறகு சொன்னாள். மெஷினில் பார்த்தவர் அந்த முடிச்சை எடுத்து வெளியிலிருந்தே அமுக்கிப் பார்த்திருக்கிறார். "சாமி காசா?" என்றிருக்கிறார். "ஆமா சார், அம்மா வச்சது" என்றிருக்கிறாள். சாமிக்கு முடிந்ததை அவிழ்க்க வேண்டாம் என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எறங்கின ஒடனே பாத்ரூமுக்குப் போயி குப்பத் தொட்டில போட்டுடச் சொல்லுங்க. நானும் மெசேஜ் போடறேன்" என்று மேடம் போனை வைத்தார். உடனே நான் துர்காவுக்கு வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது. அவள் போனை அணைத்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார், அவர் போனில் சார்ஜ் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் பாய் கடைக்கு ஓடினேன். அப்போது மணி பன்னிரண்டு இருக்கும்.

பாய் ஒரு ஸ்கூல் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"எத்தன மணிக்கு எறங்குது?"

"நம்ம டைமுக்கு ரெண்டேகால்னு சொன்னா பாய்."

"அடுத்த பிளேனு?"

"நாலே முக்கால்."

"பாப்பாவுக்கு இன்னா சொல்லி அனுப்பின? போடு, கேக்கறேன்."

நான் போனை அழுத்தினேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. 'பாப்பா துர்கா, ஒன் பையில குண்டு இருக்குது. யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல போட்டுட்டு ஓடிப்போயி அடுத்த பிளேன்ல ஏறிடு.'

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. குண்டுன்னா சொல்லி வச்சிருக்கிற?"

"துப்பாக்கில போடறத குண்டுன்னுதான பாய் சொல்லுவோம்?"

"நம்ம ஊட்ல சொல்லலாம். அங்க அந்த லைன்ல நிக்கறதுல பாதி பேரு நம்ம ஜனந்தாம்மா. இத்த அவ ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டான்னு வச்சிக்கோ, பையில குண்டு, பாத்ரூம்ல போடு, ஓடு. எவனுக்கும் தோட்டான்னு தோணாது. பாமுன்னு கத்துவான். அந்த ஏர்போர்ட்டையே மூடிடுவாங்க. குடு இப்படி."

போனை வாங்கி, எல்லோருக்கும் அழி என்பதை அழுத்தி அதை எடுத்தார். ஒரு வார்த்தையால் என் பெண்ணை நானே கொன்றிருப்பேனே என்று தோன்றியது.

"சரி பாய், தோட்டான்னு சொல்றேன். மேடம் சொன்ன மாதிரி குப்பத் தொட்டில போட்டுடட்டும். போட்டுட்டா நம்மகிட்ட இல்ல, அவ்ளோதான?"

"போடக் கூடாது."

"பின்ன?"

"மெஷினுக்கு முன்னாடியே போலீஸ்காரன கூப்ட்டு அவளே குடுக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் யாரையும் அதட்டிப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "போலீஸ்கிட்ட நாமளே போயி மாட்டிக்கச் சொல்றீங்களா? ஒங்க பொண்ணா இருந்தா சொல்லுவீங்களா பாய்?"

பாய் எழுந்தார். லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. கை கால் கழுவி, கடைக்குள்ளேயே தொழுகைப் பாயை விரித்துத் தொழுதார். நான் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மனைக் கூப்பிட்டேன். தாயே, உன் பாதத்தில் வைத்துத்தானே எடுத்தேன், என் புத்திக்குறைவுக்குப் பிள்ளையைத் தண்டிக்காதே என்றேன். வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு ரஹ்மத் பீவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பதறினார். விஷயத்தைச் சொன்னேன். அந்த நேரத்தில் புனிதா மேடம் மறுபடி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, குப்பையில போடறதுதான் நல்லது. நான் ரெண்டு பேரக் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியாது."

பாய் குனிந்து போனிடம் பேசினார். "மேடம், வணக்கம். நான் ஜக்கரியா, பை தைக்கிற கடை. தெரியாதுன்னு யாரு சொன்னது? பாத்ரூமுக்குள்ளதான் கேமரா இல்ல. வாசல்ல இருக்குது. யாரு போனாங்க, யாரு வந்தாங்கன்னு நிமிசத்தோட இருக்கும்."

"நீங்க பாத்தீங்களா பாய்?"

பாய் ஒரு தடவை ரஹ்மத் பீவியைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் போட்டிருக்கேன்."

கேரியரின் மேல் தட்டை எடுத்த ரஹ்மத் பீவி அப்படியே நின்றார்.

"ஒரு வேட்டைக்காரன் பொட்டி ஓரம் ஒடஞ்சி வந்துச்சி. எறக்கும்போது பெல்ட்டுக்கு அடியில ஒரு ரவுண்டு கெடந்துச்சி. கையில எடுத்துட்டேன். ஒடனே சத்தம் போட்டிருக்கணும். என் ஷிப்டுல பொட்டி ஒடஞ்சிச்சின்னு வருமேன்னு பயந்துட்டேன். ஸ்டாப் பாத்ரூம்ல குப்பத் தொட்டில டிசு பேப்பருல சுத்திப் போட்டேன். யாருக்கும் தெரியாதுன்னுதான் நானும் நெனச்சேன்."

"அப்புறம்?" மேடம்தான் கேட்டார்.

"குப்ப அள்ற ஆளு ஒருத்தன். வங்காளதேசத்துக்காரன். ரெண்டு புள்ளைக்கித் தகப்பன். அவன் மூட்டையில அது கெடச்சிது. அவனப் புடிச்சிக்கினு போயிட்டாங்க. ஒம்போது நாளு. ஒம்போது நாளும் நான் வேலைக்குப் போனேன், சாப்புட்டேன், தொழுதேன். தொழும்போது நெத்தி தரையில பட்டா அவன் மூஞ்சி தெரியும். பத்தாம் நாளு போயி, நாந்தான் போட்டேன்னு சொன்னேன். கேமராவையும் காட்டினாங்க. அவன வுட்டாங்க. என்ன நாப்பது நாளு வச்சிருந்து ஊருக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க. இனிமே அந்த நாட்டுக்குள்ள நான் கால் வைக்க முடியாது."

சந்துக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பாய் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அவுங்க தேடி எடுத்தா அது குத்தம். நாம முன்னாடி குடுத்தா அது தப்பு. தப்புக்குத் திட்டுவான், எழுதி வாங்குவான், பிளேன வுட்டுடுவோம். குத்தத்துக்கு ஜெயிலு. இன்னொண்ணு கேட்டுக்கோ. இவ தொட்டில போட்டா, அள்றதுக்கு ஒருத்தி வருவா. அவளும் யாரோ பெத்த புள்ளதான்."

"சரி பாய். இன்னா சொல்லணும்னு சொல்லுங்க" என்றேன்.

"அவ பேசற மொத வார்த்த டிக்ளேர்னு இருக்கணும்" என்றார் பாய். அந்த விமான நிலையத்தில் ஒவ்வொரு துப்பாக்கிக் காகிதத்திலும் மேலே பெரிய எழுத்தில் இருந்த வார்த்தை அது. நாமே முன்வந்து சொல்லிவிட்டோம் என்று அர்த்தமாம். மேடமும் இப்போது ஒத்துக்கொண்டார். பாய் சொல்லச் சொல்ல மேடம் அதை இங்கிலீஷில் எழுதி, துர்காவுக்கும் எனக்கும் அனுப்பினார். போட்டி வீராங்கனை, ஒரே ஒரு தோட்டா, தவறுதலாகக் கைப்பையில் இருக்கிறது, லைசென்ஸ் இதோ, ஒப்படைக்கிறேன். அவ்வளவுதான்.

"அம்மா குரலும் வேணும். இல்லாட்டி பாப்பா நம்ப மாட்டா. அழாம பேசு" என்றார் பாய்.

மூன்று தடவை பேசினேன். இரண்டில் அழுதுவிட்டேன், அவர் அழித்துவிட்டார். மூன்றாவதில் சொன்னேன். 'பாப்பா, காசு முடிச்சில அம்மா ஒரு ரவுண்டு வச்சிட்டேன். தூக்கிப் போடாத. மேடம் மெசேஜ படி. மெஷினுக்கு முன்னாடி போலீஸ்கிட்ட அத்த சொல்லு. கைய பையில வுடாத, அவுங்களையே எடுக்கச் சொல்லு.' கையைப் பையில் விடக் கூடாது என்பது பாய் சொன்னது. தோட்டா இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டால் காவலர்கள் வேறு மாதிரி நினைப்பார்களாம்.

அதற்கும் ஒரு டிக்தான்.

சாப்பாடு ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. ரஹ்மத் பீவி ஒரு வார்த்தை பேசாமல் கேரியரை மூடி வைத்துவிட்டு, கடையின் உள் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். பாயும் அவரைப் பார்க்கவில்லை.

இரண்டேகால் ஆனது. இரண்டு இருபது. பாய் ஒரு பழைய அட்டையில் பென்சிலால் படம் போட்டுக் காட்டினார். "பிளேனு இங்க நிக்கும். இதுல நடந்து வரணும். தோ, இங்க நகர்ற படி. அதுல எறங்கினா எதிர்லயே மெஷினு. நடந்து வர பத்து நிமிசம். அதுக்குள்ள போன ஆன் பண்ணணும்."

"எறங்கினதும் பேசறேன்னு சொன்னா பாய்."

"வைபை புடிக்கணுமே. அதுக்கு ஒரு பேஜாரு அங்க. பேரக் கேப்பான், நம்பரக் கேப்பான்."

இரண்டரை. ஒரு டிக்.

இரண்டு முப்பத்தி ஐந்து. ஒரு டிக். ஜிப் போன பையோடு ஒரு அம்மா வந்து நின்றார். "நாளைக்கி வாங்கம்மா" என்றார் பாய், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். நான் என் மனதுக்குள் துர்காவை நகரும் படியில் நிறுத்தி வைத்திருந்தேன். அவள் இறங்க இறங்கப் படி நீண்டுகொண்டே போக வேண்டும் என்று அம்மனிடம் கேட்டேன்.

இரண்டு நாற்பத்தி ஒன்று. இரண்டு டிக் விழுந்தது.

"வந்துடுச்சி பாய்!"

"நீலம் ஆச்சா?"

"ஆவல."

போன் வெளிச்சம் அணைந்து அணைந்து போனது. நான் தொட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே நின்றன. துர்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. போட்டி என்றால் போனைப் பையில் போட்டுவிட்டு எடுக்கவே மாட்டாள். ஆன் செய்துவிட்டு அப்படியே பையில் போட்டு, அந்தப் பையை மெஷினில் வைத்துவிட்டாளோ?

பாய் என் கையிலிருந்து போனை வாங்கி அவளுக்குக் கால் போட்டார். மணி அடித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. எடுக்கவில்லை. நின்றுபோனது. மறுபடி போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, லைன்ல நிக்கறேன். பைய ட்ரேல வைக்கப் போறேன். அப்புறம் பேசட்டா?"

"வைக்காத!" பாய் கத்தியதில் சந்தே திரும்பிப் பார்த்தது. "பாப்பா, பாய் மாமா பேசறேன். லைன வுட்டு வெளிய வா. ஜல்தி. மேடம் அனுப்பினத படி. அம்மா பேசினத காதுல வச்சிக் கேளு. ஸ்பீக்கர் போடாத."

"ஏன் மாமா, இன்னா ஆச்சு?"

"படிடி கண்ணு, மொதல்ல படி."

கால் நின்றது. டிக் இரண்டும் நீலமாயின. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

மூன்று மணி. மூன்றரை. நாலு. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. "போன வாங்கி வச்சிருப்பாங்க. அது வழக்கந்தான்" என்றார் பாய். அவர் குரலில் தெம்பில்லை. நாலே முக்கால் ஆனது. அவள் ஏறியிருக்க வேண்டிய விமானம் அந்த நேரத்தில் கிளம்பியிருக்கும். அதில் அவள் இருக்கிறாளா, ஏதாவது அறையில் இருக்கிறாளா, தெரியவில்லை. நான் பாய் பேச்சைக் கேட்டது சரிதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் கையில் ஒரு ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். நாற்பது நாள் அடைபட்டிருந்த இடத்துக்கு அந்த மனுஷன் மனதால் மறுபடி போய்வந்துகொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குப் போன் அடித்தது.

"அம்மா."

"பாப்பா, எங்க இருக்கிற?"

"வெளிய வுட்டுட்டாங்கம்மா. பயப்படாத. வுட்டுட்டாங்க."

நான் போனைப் பாயிடம் நீட்டினேன். மற்றதைப் பாய்தான் கேட்டார்.

அவள் லைனை விட்டு வந்து, மேடம் எழுதியதை இரண்டு தடவை படித்து, ஒரு பெண் போலீஸிடம் போய் டிக்ளேர் என்ற அந்த வார்த்தையில் ஆரம்பித்திருக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறாள். ஒரு அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். ஒரு அதிகாரி கையுறை போட்டு முடிச்சை அவிழ்த்தார். மஞ்சளும் குங்குமமும் மேஜையெல்லாம் கொட்டின. இது என்ன பொடி என்று அதற்கு ஒரு விசாரணை. அம்மாவின் பிரார்த்தனை என்று சொல்லியிருக்கிறாள். எந்த அம்மா பிரார்த்தனையில் தோட்டா வைப்பாள் என்று அவர் கேட்டாராம். என் அம்மா என்றாளாம். தோட்டாவை எடுத்துக்கொண்டு, நாலு இடத்தில் கையெழுத்து வாங்கி, காசைத் துணியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். விமானம் போய்விட்டது. மறுநாள் காலை வேறு விமானத்தில் இடம் போட்டிருக்கிறார்கள்.

பாய்க்கு அப்போதும் பதற்றம் தீரவில்லை. "பாப்பா, பொட்டி எங்க? ரைபிள எறக்கினாங்களா, அந்தப் பிளேன்லயே போயிடுச்சா? கேளு. டேக்கு நம்பர காட்டிக் கேளு. ஆளில்லாம பொட்டி போவக் கூடாது."

அவள் போய்க் கேட்டுவிட்டு வந்து, இறக்கி அதற்கான அறையில் வைத்திருக்கிறார்களாம் என்றாள். பாய் மூச்சு விட்டார். "எனக்குத் தெரியும் அந்த ரூமு. எடது பக்கம் பச்சக் கதவு" என்று தனக்குத்தானே சொன்னார்.

பாய் போனை வைத்தார். அப்போதுதான் ரஹ்மத் பீவி உள் மூலையிலிருந்து முதல் தடவையாகப் பேசினார்.

"அப்ப முதுகு வலின்னு சொன்னது?"

பாய் கையிலிருந்த ஜிப்பைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு வருசமா வெள்ளிக்கெழமைக்கி வெள்ளிக்கெழம தைலம் காய்ச்சித் தேச்சிக்கினு இருக்கேனே, அது எதுக்கு?"

"தேச்சா நல்லாதான் இருந்துச்சி" என்றார் பாய்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். ரஹ்மத் பீவி சிரிக்கவில்லை. எழுந்து வந்து கேரியரைத் திறந்தார். ஆறிப்போன சோற்றை இலையில் வைத்து, முதலில் எனக்குக் கொடுத்தார். பாய்க்கு நெத்திலிக் குழம்பைக் கொஞ்சம் தூரத்திலேயே நகர்த்தி வைத்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள், அந்த வங்காளதேசத்து ஆள் இப்போது எங்கே இருக்கிறான், அவன் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டாராம். பாய்க்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் தொழுகையில் அவனுக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

துர்கா ஒரு நாள் பயிற்சியை இழந்து, தூக்கமில்லாமல் போய்ச் சுட்டு, நாற்பது பேரில் இருபத்தி ஆறாவதாக வந்தாள். எனக்கு அது போதும். அவள் திரும்பி வந்ததும் அந்தப் பதினொரு காசையும் திரௌபதி அம்மன் உண்டியலில் போட்டேன்.

தை மாதம் அவளுக்கு வேறு ஒரு போட்டி வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் துப்பாக்கிப் பெட்டியை மட்டுமில்லாமல் கைப்பையையும் எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பாய் கைப்பையைத் தூக்கி இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார். காதை வைத்துக் கண்ணை மூடினார். உள்ளே சலசலவென்று கேட்டது.

"காசு மட்டுந்தானம்மா?"

"பதினொண்ணு பாய். அவுத்து எண்ணிக்குங்க."

"வேணாம். சத்தம் சரியாதான் இருக்குது" என்று பையைக் கொடுத்தார்.

பக்கத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்த ரஹ்மத் பீவி தலை நிமிராமல் சொன்னார்: "ஊருப் பொட்டியெல்லாம் சாச்சிப் பாக்கறாரு. இந்த மனுசன யாருனா சாச்சிப் பாருங்கம்மா. உள்ள இன்னும் இன்னா இன்னா உருளுதோ."